டயரைக் குனிந்து பார்க்கப் பழகுவோம்: புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு

கார் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வருடம் முழுக்க டயரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. பெட்ரோல் போட்டேன், கழுவினேன், ஓட்டினேன். ஒரு நாள் பஞ்சர் ஒட்டக் கொண்டுபோனபோது, டயரை ரிம்மிலிருந்து கழற்றியவர் என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினார். ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் கிடந்தது. டயரின் உள்சுவர் அரைபட்டுப் பொடியாக உதிர்ந்திருந்தது. வெளியே பார்த்தால் பள்ளங்கள் எல்லாம் ஆழமாக, புது டயர் போலத்தான் இருந்தது. "காத்து கம்மியா வச்சே ரொம்ப நாள் ஓட்டியிருக்கீங்க. இனிமே இதுல பஞ்சர் ஒட்டித் தரமாட்டேன்" என்றார். அந்த டயரை நம்பி எத்தனை பேரை உட்கார வைத்துக் கூட்டிப்போயிருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது.

டயர் பெரும்பாலும் திடீரென்று கெடுவதில்லை. பல நாள் முன்பே அடையாளம் காட்டுகிறது. அதைப் பார்க்க மெக்கானிக் வேலை தெரிய வேண்டாம். மாதம் ஒருமுறை பத்து நிமிடம், குனிகிற மனசு, காற்று அளக்கும் ஒரு சின்னக் கருவி, ஒரு டார்ச். இவ்வளவு போதும்.

காரைத் தாங்குவது காற்று

முதலில் இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். காரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்று. ரப்பரும் இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயருக்கு 300 கிலோ. உள்ளே 33 பிஎஸ்ஐ (காற்றின் அழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால் அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோவைத் தாங்கும். அப்படியானால் 300 கிலோவுக்கு 130 சதுர சென்டிமீட்டர் வேண்டும். பத்து சென்டிமீட்டர் அகலம், பதின்மூன்று சென்டிமீட்டர் நீளம். ஒரு டயர் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான், விரித்த கை அளவு. பிரேக் பிடிப்பது, திரும்புவது, மழையில் வழுக்காமல் நிற்பது எல்லாம் இப்படிப்பட்ட நான்கு கை அளவு இடத்தில்தான் நடக்கிறது.

அதே டயரில் காற்று 22 பிஎஸ்ஐக்கு இறங்கினால்? அதே 300 கிலோவைத் தாங்க இப்போது 195 சதுர சென்டிமீட்டர் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்க டயர் இன்னும் நசுங்கியே ஆக வேண்டும். நசுங்கினால் பக்கச் சுவர் அதிகமாக மடிகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு சாதாரணக் காரின் சக்கரம் நொடிக்குப் பதினோரு, பன்னிரண்டு சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் சுவர் ஒருமுறை மடிந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிக்கும்போது மடிப்பில் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். டயருக்குள் நடப்பதும் அதுதான். சூடு ஏற ஏற ரப்பருக்கும் இழைக்கும் உள்ள ஒட்டு தளர்கிறது. நீண்ட பயணத்தில், வெயிலில், முழுச் சுமையோடு வேகமாகப் போகும்போது டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். "காற்று அதிகமாக இருந்ததால் வெடித்தது" என்று பலர் சொல்வார்கள். காற்றுக் குறைந்த டயர்தான் அதைவிட அதிகமாகச் சூடாகிறது.

முதல் வேலை: காற்றைச் சரியாகப் பார்ப்பது

எவ்வளவு காற்று வேண்டும் என்பது காரில் எழுதியிருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு அளவு இருக்கலாம். ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவு, முழுச் சுமைக்கு ஓர் அளவு என்று இரண்டு வரிசையாகவும் போட்டிருப்பார்கள். பிஎஸ்ஐ இல்லாமல் பார் என்றோ கேபிஏ என்றோ இருந்தால் கவலை வேண்டாம்: 1 பார் என்பது 100 கேபிஏ, அதாவது 14.5 பிஎஸ்ஐ.

டயரின் சுவரிலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும், 44 அல்லது 51 பிஎஸ்ஐ என்று. அது அந்த டயருக்கான உச்ச வரம்பு. உங்கள் காருக்கான அளவு அது கிடையாது. புதியவர்கள் அதிகம் தவறும் இடம் இது. அந்த எண்ணைப் பார்த்துக் காற்றடித்தால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும், டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் பட்டுத் தேயும்.

அளப்பதற்குச் சரியான நேரம் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். காற்றடிக்கும் இடம் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் ஓடினால் டயர் சூடாகி, காற்றின் அழுத்தம் ஏறிவிடும். ஸ்டிக்கரில் உள்ள எண் ஆறிய டயருக்கானது.

செய்முறை எளிது. வால்வின் மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுங்கள், தரையில் வைத்தால் தொலையும். கருவியை வால்வின் மேல் நேராக வைத்து அழுத்துங்கள். முதலில் உஸ் என்று கொஞ்சம் காற்றுப் போகும். இன்னும் நேராகப் பிடித்து அழுத்தினால் சத்தம் நின்றுவிடும். அப்போது காட்டும் எண்தான் சரி. இரண்டு முறை அளந்து ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அடியுங்கள், கூடினால் வால்வின் நடுவில் இருக்கும் ஊசியை அழுத்திக் கொஞ்சம் விடுங்கள். முடிந்ததும் மூடியைப் போட மறக்காதீர்கள். தூசியும் தண்ணீரும் ஊசிக்குள் போகாமல் காப்பது அந்த மூடிதான்.

வழியில், டயர் சூடாக இருக்கும்போது அளந்தால் ஸ்டிக்கர் எண்ணைவிட நான்கைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டலாம். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறியதும் அதே டயர் குறைவான காற்றோடு நிற்கும். சூடான டயர்களில் ஒன்று மட்டும் அதே அச்சில் உள்ள ஜோடியைவிடக் குறைவாகக் காட்டினால் அந்த ஜோடியின் அளவுக்கு ஏற்றிக்கொண்டு, மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சரியாகப் பாருங்கள்.

வானிலையும் இதில் சேரும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரில் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ குறையும். அது போக, ஓட்டையே இல்லாத டயரிலும் ரப்பர் வழியாக மெல்லக் காற்றுக் கசிந்து மாதத்துக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ இறங்கும். நான்கைந்து மாதம் பார்க்காமல் விட்டு, குளிர்காலமும் வந்துவிட்டால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

"கண்ணாலேயே தெரியுமே, எதற்கு அளப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய கார் டயர்கள் எல்லாம் ரேடியல் வகை. அவற்றின் சுவர் மெல்லியது, சரியான காற்று இருக்கும்போதே அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். எட்டுப் பத்து பிஎஸ்ஐ குறைந்தாலும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. காலால் உதைத்துப் பார்ப்பதிலும் ஒன்றும் தெரியாது.

டேஷ்போர்டில் குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட விளக்கு எரிகிறதா? அது காற்றுக் குறைந்த எச்சரிக்கை. நல்ல வசதிதான். ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2007 செப்டம்பருக்குப் பின் தயாரான கார்களில் இது கட்டாயம். அந்த விதிகூட, காற்று 25 சதவீதம் குறைந்தால் எச்சரித்தால் போதும் என்றுதான் சொல்கிறது. 32 இருக்க வேண்டிய டயர் 24-க்கு வரும்வரை விளக்கு சும்மா இருக்கலாம். சில கார்களில் டயருக்குள் சென்சாரே இருக்காது. எந்தச் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் கணிக்கும். நான்கிலும் சமமாகக் காற்று இறங்கினால் அதற்குத் தெரியாமல் போகலாம். அந்த வகைக் காரில் காற்றடித்த பிறகு கையேட்டில் சொன்னபடி ரீசெட் செய்ய வேண்டும்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பீர்கள். நாம் அடிக்கும் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. நைட்ரஜன் அடைத்த டயரில் அவசரத்துக்குச் சாதாரணக் காற்று அடித்தால் எந்தக் கெடுதலும் இல்லை. எந்தக் காற்று என்பதைவிட, அளவு சரியாக இருக்கிறதா என்பதே முக்கியம்.

இரண்டாவது வேலை: சுற்றி வந்து பார்ப்பது

காற்றுப் பார்க்கும் அன்றே இதையும் செய்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ரொம்பத் தேய்ந்த டயரில் உள்ளிருக்கும் எஃகுக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம், கையைக் கிழித்துவிடும். முன் டயர்களைப் பார்க்க ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி வையுங்கள். உள்பக்கம் தெரியும். அந்த உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, பல சேதங்கள் அங்கேதான் இருக்கும். பின் டயர்களுக்கு டார்ச் அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். பிறகு காரை அரை அடி உருட்டி, தரையில் பட்டிருந்த பகுதியையும் பாருங்கள்.

பள்ளங்களில் சிக்கிய கற்களை மழுங்கிய குச்சியால் எடுத்துவிடலாம். ஆணி, திருகாணி தெரிந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புடைப்பு. டயர் சேதங்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். டயரின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். உள்ளே காற்றைக் கசியவிடாத மெல்லிய ரப்பர் படலம். அதற்கு மேல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஓடும் பாலியெஸ்டர் இழைகள். சாலையில் படும் பகுதியில் மட்டும் அதற்கு மேல் எஃகுக் கம்பிப் பட்டைகள். எல்லாவற்றுக்கும் மேல் நாம் பார்க்கும் ரப்பர். பக்கச் சுவரில் எஃகுப் பட்டை கிடையாது, பலம் முழுவதும் அந்த இழைகளில்தான். கார் ஒரு குழியில் வேகமாக இறங்கினால் ரிம்மின் விளிம்புக்கும் குழியின் ஓரத்துக்கும் நடுவில் சுவர் நசுங்கி, உள்ளே சில இழைகள் அறுந்துவிடும். வெளி ரப்பர் முழுசாக இருக்கும். ஆனால் இழை அறுந்த இடத்தில் காற்றைத் தடுத்துப் பிடிக்க ஆள் இல்லை, ரப்பர் மட்டும்தான். அங்கே அது எலுமிச்சம்பழம் போல வெளியே தள்ளி நிற்கும்.

புடைப்புக்கு ஒட்டு இல்லை, மருந்து இல்லை. சிறியதாக இருக்கிறதே, கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, டயரை மாற்றிவிட வேண்டும். இன்னொன்று: குழியில் அடி வாங்கிய உடனே புடைப்பு தெரியாமல் இருக்கலாம். சில நாள், சில வாரம் கழித்துக்கூட வெளிவரும். பலமாக அடி வாங்கிய டயரை ஒரு மாதத்துக்கு அடிக்கடி கவனியுங்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. பக்கச் சுவரில் ரிம்மிலிருந்து வெளிநோக்கி, உள்ளே லேசாகக் குழிந்த மெல்லிய கோடு ஒன்று சில டயர்களில் தெரியும். தயாரிக்கும்போது இழைத்துணியின் இரண்டு முனைகள் ஒன்றன் மேல் ஒன்று சேரும் இடம் அது. அங்கே இழை இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடத்தைவிடக் குறைவாக விரிகிறது. இது சேதமில்லை. உள்ளே குழிந்தால் பொதுவாகப் பயமில்லை, வெளியே புடைத்தால் ஆபத்து என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டு. பக்கச் சுவரில் கல்லோ கம்பியோ கிழித்த வெட்டை விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். உள்ளே துணி இழை தெரிந்தால் டயர் முடிந்தது. தெரியாவிட்டாலும் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

விரிசல். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை மெல்லத் தின்கின்றன. இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே ரப்பரில் மெழுகும் சில வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் ஓடி, வளைந்து நிமிரும்போது இவை மேற்பரப்புக்கு வந்து ஒரு படலமாகப் படிகின்றன. சில டயர்களின் சுவர் பழுப்பாகத் தெரிவது இதனால்தான், அதை அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டாம். ஓடாமல் நிற்கும் வண்டியில் இந்தப் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால்தான் குறைவாக ஓடிய காரின் டயர்கூட வெடித்த மண் மாதிரி ஆகிறது. முடி போன்ற மெல்லிய கோடுகள் என்றால் கவனித்து வந்தால் போதும். நகம் இறங்கும் அளவு ஆழம் இருந்தாலோ, பள்ளங்களின் அடியில் விரிசல் ஓடினாலோ மாற்ற வேண்டியதுதான். பளபளப்புக்காகப் பெட்ரோலியம் கலந்த பாலிஷ் பூசுவதை விட்டுவிடுங்கள், அது இந்தக் காப்புப் படலத்தைக் கரைத்துவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

தேய்மானம். சாலையில் படும் பகுதியை த்ரெட் என்பார்கள், பேச்சில் பட்டன் என்பதும் உண்டு. புது டயரில் அதன் பள்ளங்கள் பொதுவாக ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பல நாடுகளின் சட்டத்தில் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். அதைக் காட்டப் பள்ளங்களின் அடியிலேயே குறுக்காகச் சிறு மேடுகள் வைத்திருப்பார்கள். எங்கே இருக்கிறது என்று தெரிய, சுவரின் மேல் ஓரத்தில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ தேடுங்கள். த்ரெட் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் காலம் முடிந்தது.

என் கருத்து, அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான். பள்ளங்களின் வேலை, சாலையில் நிற்கும் தண்ணீரை டயருக்கு அடியிலிருந்து வெளியேற்றுவது. ஆழம் குறையக் குறைய வெளியேற்றும் தண்ணீரும் குறைகிறது. ஒரு கட்டத்தில் டயர் தண்ணீரின் மேலேயே மிதந்துவிடும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக் பிடித்தாலும் கார் கேட்காது. மழைக்காலம் வரப்போகிறது, மூன்று மில்லிமீட்டர்தான் மீதி என்றால் நான் மாற்றிவிடுவேன்.

எவ்வளவு தேய்ந்தது என்பதோடு எங்கே தேய்ந்தது என்றும் பாருங்கள். டயர் இங்கே நிறையப் பேசும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்றுக் குறைவு. உள்ஓரமோ வெளிஓரமோ ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் குறுக்காகத் தடவுங்கள், கம்பி எதுவும் தெரியாவிட்டால் மட்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் அதுவும் அலைன்மென்ட் கோளாறே. சுற்றிலும் அங்கங்கே கிண்ணம் போலக் குழிந்து தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடைச் சமநிலை) பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் மட்டும் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும்.

பஞ்சரானால்

ஆணி குத்தியிருக்கிறது, காற்று இறங்கவில்லை. அப்படியானால் பிடுங்காதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் ஆணியே பல நேரம் அடைப்பாக நிற்கும். பிடுங்கினால் அங்கேயே காற்று முழுக்கப் போய்விடும். காற்றை அளந்து, குறைந்திருந்தால் நிரப்பி, மெதுவாகப் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

ஆணி எதுவும் தெரியாமல் ஒரு டயரில் மட்டும் அடிக்கடி காற்றுக் குறைகிறதா? சோப்புத் தண்ணீரை வால்வின் வாய், வால்வின் அடிப்பகுதி, ரிம்மும் டயரும் சேரும் ஓரம், த்ரெட் என வரிசையாக ஊற்றிப் பாருங்கள். குமிழ் வரும் இடம்தான் கசிவு. பழைய ரப்பர் வால்வு அடியில் வெடித்துக் கசிவது சகஜம். அதனால் டயர் மாற்றும்போதே வால்வையும் மாற்றிவிடுவது நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே காற்று இறங்கிவிட்டால், கார் ஒரு பக்கம் இழுக்கும், பட பட என்று சத்தம் வரும். வேகத்தில் வெடித்தே போனாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வையுங்கள், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள், பிரேக்கைச் சட்டென்று மிதிக்காதீர்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள். "கொஞ்ச தூரம்தானே, கடைவரை ஓட்டிவிடலாம்" என்று காற்றில்லாமல் ஓட்டினால் சில நூறு மீட்டரிலேயே ரிம் சுவரை அரைத்துவிடும். ஒரு சின்ன ஆணியோடு போயிருக்க வேண்டிய வேலை, டயரையே தூக்கிப் போடுவதில் முடியும். என் முதல் வருடத்துக் கறுப்புத் தூளும் இந்த வகைதான்.

பஞ்சர் ஒட்டுவதில் இரண்டு விதம். வெளியிலிருந்தே பிசினில் தோய்த்த கயிறு போன்ற ஒன்றைத் துளைக்குள் திணிப்பது ஒன்று. ஐந்து நிமிடத்தில் முடியும். ஆனால் உள்ளே என்ன சேதம் என்று யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, டயரைக் கழற்றி உள்ளே சோதித்து, காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து போடுவது. தண்டு துளையை அடைக்கும், தலை உட்படலத்தை மூடும். முதலாவதை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, நேரம் கிடைத்ததும் இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். துளை 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, பக்கச் சுவரிலோ த்ரெட்டின் ஓர வளைவிலோ இருந்தாலோ ஒட்டக் கூடாது. கழற்றும்போது பக்கத்திலேயே நின்று உள்ளே பாருங்கள். சுவரைச் சுற்றிக் கறுத்த வளையமோ தூளோ தெரிந்தால் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சக்கரத்தை நீங்களே மாற்ற

வீட்டில் ஒருமுறை பகலில் செய்து பழகிவிட்டால் இரவில் சாலையோரம் தடுமாற மாட்டீர்கள்.

1. சமதளமான, கெட்டியான இடத்தில் போக்குவரத்திலிருந்து விலகி நிறுத்துங்கள். ஹசார்டு விளக்கு, ஹேண்ட் பிரேக், முதல் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் பி. எல்லோரையும் இறக்கிச் சாலையிலிருந்து தள்ளி நிற்க வையுங்கள். முக்கோண எச்சரிக்கைப் பலகை இருந்தால் பின்னால் தள்ளி வையுங்கள்.

2. மாற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள்.

3. ஜாக்கி போடுவதற்கு முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், கார் ஜாக்கியிலிருந்து நழுவலாம்.

4. கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி வையுங்கள். ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அதன் மேல் நிற்கும். உங்கள் உடம்பின் எந்தப் பகுதியும் காருக்கு அடியில் போகக் கூடாது.

5. ஸ்டெப்னியை மாட்டி நட்டுகளைக் கையால் முடிந்தவரை திருகுங்கள். காரை இறக்கிய பிறகு, ஒன்றை இறுக்கியதும் அதற்கு எதிரே உள்ளதை என்று மாறி மாறி இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் சாய்வாக உட்காரும்.

6. ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

சில கார்களில் ஸ்டெப்னி ஒல்லியாக, சிறியதாக இருக்கும். அது கடைவரை போவதற்கு மட்டும். வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ.

மாற்றிப் போடுவதும் புதிது வாங்குவதும்

முன் சக்கர இழுவைக் காரில் முன் டயர்கள் வேகமாகத் தேயும். இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் அவற்றின் தலையில்தான். அதனால் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட வேண்டும். சுவரில் அம்புக்குறி உள்ள டயர் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், அதை அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டும் மாற்றலாம். நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை விட்டால் கார் ஒதுங்குகிறது என்றால் அலைன்மென்ட், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் பேலன்சிங்.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், முன் சக்கர இழுவைக் காருக்கும் இதுதான் சரி. ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடிப்புத் திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். பழகிய ஓட்டுநருக்கே அதைச் சமாளிப்பது கடினம்.

சுவரில் 185/65 ஆர்15 88ஹெச் என்பது போல எழுதியிருக்கும். அகலம் 185 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரேடியல் வகை, 15 அங்குல ரிம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையிலான வேகத்துக்கு. கடைசி இரண்டும் கார் கம்பெனி சொன்னதைவிடக் குறையக் கூடாது.

டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் டயரின் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் முழுசாக இருக்கும், தெரியாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். பல கார் கம்பெனிகள் ஆறு வருடத்தில் மாற்றச் சொல்கின்றன. ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது என்பது டயர் கம்பெனியான மிஷலின் சொல்வது. பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்பே இந்த நான்கு இலக்கங்களைப் பார்த்துவிடுங்கள். பழைய டயரை மட்டும் தனியாக வாங்கிப் போடாதீர்கள், அது முன்னே எந்தக் குழியில் விழுந்தது, காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓடியது என்று வெளியிலிருந்து தெரியாது.

ஓட்டும்போது

குழியைத் தவிர்க்க முடியாவிட்டால் அதற்கு முன்பே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, குழியில் இறங்கும் நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் காரின் முன்பகுதி தாழ்ந்து அடி பலமாக விழும். நடைபாதை விளிம்பில் ஏற வேண்டுமானால் ஆள் நடக்கும் வேகத்தில், செங்கோணத்தில் ஏறுங்கள். சாய்வாக உரசிக்கொண்டு ஏறினால் சுவர் கிழியும். நிறுத்தும்போது டயர் விளிம்பில் நசுங்கியபடி நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வாரக்கணக்கில் கார் நிற்கப்போகிறது என்றால் காற்றைச் சரியாக வைத்து, நிழலில் நிறுத்தி, வாரம் ஒருமுறை கொஞ்சம் ஓட்டவோ நகர்த்தவோ செய்யுங்கள். ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் தட்டையாகிவிடும். கொஞ்சம் நின்ற வண்டி என்றால் சில கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் அதிர்வு போய்விடும். மாதக்கணக்கில் நின்றது என்றால் சில சமயம் போகாது.

மாதாந்திரப் பார்வையில் ஐந்தாவது டயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று இறங்கும், வயதும் ஆகும். அதன் வால்வு கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் சாமான்களை ஒருமுறை இறக்கிவைத்துவிட்டாவது அளந்துவிடுங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் அதன் பக்கத்தில்தான் இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம்.